எட்டுக் குண்டுகளின் பாரம்

ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது குப்பம். லாரி மெக்கானிக்காக ஓய்வு பெற்ற அந்தத் தாத்தாவுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கோலார் பக்கத்து டிரைவர்களிடம் கன்னடம். பேரிங் மட்டும் மூன்று மொழியிலும் பேரிங்தான்.

இப்போது திண்ணையில் வெள்ளைத் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கிறார். எதிரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் மகன், பையனுக்காக செகண்ட் ஹாண்டில் வாங்கி வந்தது. வளைவில் திரும்பினால் பின்பக்கம் கரகரவென்று சத்தம். சத்தம் வரும்போதெல்லாம் பேரன் டிபரன்ஷியல் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். சத்தம் கூடியது. மோட்டார் போய்விட்டது, தூக்கிப் போடலாம் என்று முடிவு செய்துவிட்டான்.

தாத்தா பிரித்தார். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களும் வேறுவேறு வேகத்தில் சுற்ற வழிசெய்வதுதான் டிபரன்ஷியலின் வேலை. பிரான்ஸில் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி நீராவி வண்டிக்காக 1827இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். லாரியில் பல்சக்கரங்கள் செய்யும் வேலையை, இந்தக் காரில் இரண்டு வளையங்களுக்கு நடுவே நசுக்கப்பட்ட சிறு குண்டுகள் செய்கின்றன. நசுக்குவது ஒரே ஒரு ஸ்க்ரூ. அதன் தலைக்கு அடியில் த்ரஸ்ட் பேரிங்: இரண்டு வாஷர்கள், நடுவில் சுமார் 2 மி.மீ. அளவில் எட்டு பால்ரஸ் குண்டுகள். ஸ்க்ரூவின் முழு அழுத்தமும் அவற்றின் மேல்தான். அவை உருளாவிட்டால் சக்கரம் வேறுபட்டுச் சுற்றும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பும். தானாக இறுகும் அல்லது கழன்றுகொள்ளும்.

துண்டில் ஏழுதான் இருந்தன. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் அவருக்குச் சின்னது தெரிவதில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தரையில் ஓட்டி எட்டாவதை எடுத்தான் பேரன். மண்ணெண்ணெயில் கழுவினார்கள். வாஷரில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம்.

“இறுக்கினால் சரியாகிவிடும்னு நெனச்சேன் தாத்தா.”

“நானும் அப்படித்தான்டா நெனச்சேன்” என்றார் அவர்.

வாலிபத்தில் ஒரு லாரியின் பினியன் பேரிங்கில் முனகல் கேட்டது. ஷிம் போட்டு அளவு பார்க்கப் பொறுமையில்லாமல் நட்டை ஓங்கி இறுக்கி அனுப்பினார். தளர்ந்த பேரிங் சத்தம் போடும். இறுகிய பேரிங் சத்தம் போடாமல் சூடேறும். மொகிலி கணவாயில் வண்டி நின்றது. இரண்டு நாள் கழித்து இழுத்து வந்தபோது தக்காளி லோடு அழுகி ஒழுகிக்கொண்டிருந்தது. தக்காளி ஒரு சிறு விவசாயியுடையது. டிரைவர் திட்டவில்லை. அதன் பிறகு அந்த டிரைவர் ஷெட் பக்கம் வரவே இல்லை. மகனுக்குக்கூட இதை அவர் சொன்னதில்லை.

வாஷர்களைப் புரட்டி, வழவழப்பான பக்கத்தைக் குண்டுகளின் பக்கம் வைத்தார்கள். த்ரஸ்ட் பேரிங்குக்குக் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ். வளையங்களுக்கு நடுவில் உள்ள குண்டுகளுக்கு சிலிக்கான் கிரீஸ் துளி. இரண்டையும் கலக்கக் கூடாது. அங்கே வழுக்காமல் பிடிக்க வேண்டும். இங்கே பிடிக்காமல் உருள வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரைப் பேரனிடம் கொடுத்தார். கொஞ்சம் இறுக்கு, சக்கரத்தைக் கையால் சுற்று, மறுபடி கொஞ்சம். ஸ்ப்ரிங் முழுதும் அமுங்கி ஸ்க்ரூ நின்றது. பையனின் மணிக்கட்டு இன்னும் ஒரு அழுத்தம் கொடுக்கத் துடித்தது.

“பின்னாலே வா. எட்டில் ஒரு சுற்று.”

தளர்த்தினான். இரண்டு பின்சக்கரங்களையும் தாத்தா இறுகப் பிடித்துக்கொள்ள, பெரிய பல்சக்கரத்தைக் கட்டை விரலால் தள்ளிப் பார்த்தான். வழுக்கவில்லை. பிறகு ஒரு சக்கரத்தைப் பிடித்தபடி மெதுவாக மோட்டாரை ஓடவிட்டு, குண்டுகள் தடம் பிடித்ததும் மறுபடி சரிபார்த்தார்கள்.

தெருவில் கார் வட்டமடித்தது. பையன் காரைப் பார்த்தான். தாத்தா தலையைச் சாய்த்து சத்தத்தைக் கேட்டார். கரகரப்பு இல்லை.

“சூடா இருக்கா, தொட்டுப் பாரு” என்றார்.

பேரன் ஓடிப்போய்த் தொட்டான். இல்லை.