வழியா, வலியா?



கேட்டல் திறன் பாடத்துக்கெனக் கிள்ளானில் சிறிய கம்பியில்லா ஒலிபெருக்கி ஒன்று வாங்கினேன். விலை 129 ரிங்கிட், உள்ளங்கையில் அடங்கும். ஒருமுறை மின்னூட்டினால் அன்றைய பாடங்களுக்குப் போதும். தெலுக் பங்லிமா காராங்கில் மழை பிடித்துக்கொண்டால், தகரக் கூரையின்கீழ் என் தொண்டை தோற்றுவிடும். அதனால் வந்த ஆசை இது. (நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா.)

பாடல் ஒலித்தபோது வகுப்பே குதித்தது. தாளக்கட்டு அவ்வளவு எடுப்பு! சிக்கல் சொல்வதெழுதுதலில் வந்தது. என் குரலையே பதிவு செய்து ஒலிக்கவிட்டேன். பின்வரிசையில் இருந்த இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் 'வழி'யை 'வலி' என்றும், 'பள்ளி'யைப் 'பல்லி' என்றும் எழுதினான். பத்துக்கு மூன்று. வகுப்புசார் மதிப்பீட்டில் அடைவுநிலை 2 எனக் குறித்தேன். அவன் தாயாரிடமும், "பையன் சரியாகக் கேட்பதில்லை, கொஞ்சம் கவனியுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஒருநாள் பள்ளி முடிந்தபின், அவன் நாற்காலியில் நானே அமர்ந்து அப்பதிவைக் கேட்டேன். என் ழகரம் எனக்கே பிடிபடவில்லை!

ல, ள, ழ வேறுபாட்டைக் காது பிரித்தறிவது, பெரிதும் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்சு வரையிலான ஒலிப்பகுதியைக் கொண்டுதான். இத்தகைய கருவிகள் பலவும் பாட்டுக்காகத் தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் காட்டுபவை. நானோ அதை மூலையில் அலமாரியின்மேல் வைத்திருந்தேன். இரு சுவர்களும் சேர்ந்து அந்த முழக்கத்தை மேலும் பெருக்கின. இன்னொன்று: சொற்களுக்கிடையே நான் விட்ட இடைவெளியில் கருவி உறங்கிவிடும். விழிப்பதற்குள் அடுத்த சொல்லின் முதலெழுத்தை விழுங்கிவிடும். 'பழம்' வெறும் 'ழம்' ஆனது.

ஒலிபெருக்கியை வகுப்பின் நடுவே முக்காலியில், பிள்ளைகளின் காதுமட்டத்துக்கு இறக்கினேன். திறன்பேசியில் தாழ்ந்த ஒலியைக் குறைத்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் "அடுத்த சொல்" என்று சேர்த்து மறுபதிவு செய்தேன். வேறு பத்துச் சொற்கள் கொடுத்ததில் அவனுக்கு எட்டு கிடைத்தது. பாட்டுக்கு அக்கருவி நன்று. சொல்வதெழுதுதலுக்கு இவ்வளவு பாடுபட்டால்தான் உதவும்.

அடைவுநிலையைத் திருத்திவிட்டுத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா அவனுக்குக் காது நல்லாத்தான் இருக்கா, டீச்சர்?" என்றார். நான் சொன்ன மறுநாளே மருத்துவமனையில் செவிப் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டாராம்.

தவறு என்னுடையதுதான் என்றேன். ஆயினும், வாங்கிய தேதியை விட்டுவிட வேண்டா என்றும் கேட்டுக்கொண்டேன்.