விரலை விட்டுப் போகாத அம்பு

ஏழடி ஒன்பதே கால் அங்குலம். டார்ட்ஸ் ஆடுபவர் நிற்கும் கோட்டுக்கும் போர்டுக்கும் இடையே இருக்கும் தூரம் அவ்வளவுதான். அந்தத் தூரத்தில் புகழ், பணம், பட்டம் எல்லாம் சம்பாதித்த ஒருவருக்கு, ஒருநாள் கையில் இருந்த அம்பை விடவே முடியாமல் போனால்?

எரிக் பிரிஸ்டோவின் கதை அதுதான்.

1957-ல் லண்டன் ஹாக்னியில் பிறந்தவர். 14 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. சுண்டுவிரலை ஒயிலாகத் தூக்கிக்கொண்டு அம்பு எறிவது அவருடைய அடையாளம். வாய்த்துடுக்கு அதிகம், கூட்டத்தையே சீண்டுவார். கூட்டம் கத்தினால் இன்னும் நன்றாக ஆடுவார்! 1980, 81, 84, 85, 86 என்று ஐந்து முறை உலக சாம்பியன். டார்ட்ஸ் பிரிட்டிஷ் டிவியில் கொடிகட்டிப் பறந்த காலம் அது.

இடையில் 1983-ல் ஒரு சறுக்கல். இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கும் தூரத்தில் 50 பாக்கி, கையில் ஒரே ஒரு அம்பு. நடுப்புள்ளியை அடித்தால் 50 கிடைக்கும். பிரிஸ்டோ அதற்குக் குறிவைக்காமல், அடுத்த முறை சுலபமாக முடிக்கலாம் என்று 18 அடித்து 32 மிச்சம் வைத்தார். எதிரில் நின்ற கீத் டெல்லர் 23 வயதுப் பையன், தகுதிச்சுற்று வழியாக வந்தவர். அவருக்குத் தேவை 138. எங்கே அடிக்கப்போகிறான் என்ற நினைப்பு. டெல்லர் மூன்றே அம்பில் முடித்துக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார்!

உண்மையான அடி 1986 கடைசியில் விழுந்தது. காயம் இல்லை, வலி இல்லை. ஆனால் எறியும் நேரத்தில் விரல்கள் அம்பை விட மறுத்தன. இதற்கு டார்ட்ஸ் உலகில் 'டார்ட்டைடிஸ்' என்று பெயர். கோல்ஃப் ஆடுபவர்களுக்கும் இதே போல் ஒரு கோளாறு வரும். லட்சம் முறை யோசிக்காமல் செய்த காரியம் திடீரென்று வராமல் போனால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் விடவில்லை மனுஷன். 1987, 89, 90, 91 என நான்கு உலக இறுதி ஆட்டங்களுக்கு வந்தார். நான்கிலும் தோல்வி. 1990-ல் மறுபடி தரவரிசையில் முதலிடத்தையும் தொட்டார். ஆனால் பழைய கை திரும்பவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அவர் தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த முதலீட்டைச் செய்தார். ஸ்டோக்கில் பீங்கான் சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃபில் டெய்லர் என்பவருக்குச் சுமார் 10,000 பவுண்டு கடன் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஆடச் சொன்னார். தட்டிக்கொடுக்கும் குரு இல்லை இவர். இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன் என்று டெய்லர் போன் செய்தால், ஜெயித்த பிறகு பேசு என்று வைத்துவிடுகிற ரகம்.

1990 உலகக் கோப்பை. பந்தயக்காரர்கள் டெய்லருக்குக் கொடுத்த விலை ஒன்றுக்கு 125. அவர் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். எதிரில் யார்? கடன் கொடுத்த பிரிஸ்டோவேதான்! 6-1 என்று சிஷ்யன் குருவைச் சாய்த்தார். அதோடு நிற்கவில்லை, மொத்தம் 16 உலகப் பட்டங்கள் வாங்கினார். இன்றுவரை அதை யாரும் நெருங்கவில்லை.

1997-ல் இன்னொரு முறை இருவரும் உலக அரையிறுதியில் மோதினார்கள். கிட்டத்தட்ட நாற்பது வயதில், அந்தக் கோளாறு பிடித்த கையோடு பிரிஸ்டோ கடைசி செட் வரை இழுத்தார். 5-4 என்று தோற்றார்.

அவர் ஒன்றும் உத்தமர் இல்லை. பாலியல் கொடுமைக்கு ஆளான கால்பந்து வீரர்களைப் பற்றி 2016-ல் ட்விட்டரில் கேவலமாக எழுதி டிவி வேலையை இழந்தார். பிறகு மன்னிப்பு கேட்டார். அதையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

2018 ஜனவரியில் டெய்லர் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 5 அன்று லிவர்பூலில் ஒரு டார்ட்ஸ் போட்டி இரவில் பிரிஸ்டோ மாரடைப்பால் இறந்தார். வயது 60. செய்தி தெரிந்ததும் அரங்கத்தில் இருந்த ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிப் பாடினார்கள்.

கை போன பிறகு, அடுத்தவன் ஜெயிப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருவதுதான் மனித இயல்பு. தன்னைத் தோற்கடிக்கப் போகிறவனுக்குத் தானே பணம் கொடுத்து வளர்க்க எத்தனை பேருக்கு மனசு வரும்? ஐந்து பட்டங்களை விட அதுதான் பெரிய விஷயம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?