என் தட்டைப் பார்த்துத்தான்

என் மகள் காய்கறியைத் தொடாததற்கு நான் பழி போடாத ஆள் இல்லை. மனைவியின் கைக்குக் காரம் கூடுதல் என்றேன். மாமியார் பிஸ்கெட் வாங்கிக் கொடுத்தே கெடுத்துவிட்டார் என்றேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று அலுவலகத்தில் அலுத்துக்கொண்டேன். அவளுக்கு நான்கு வயது. அந்த நாக்கை வளர்த்ததில் என் பங்கு என்ன என்று மட்டும் யோசித்ததே இல்லை.

வீட்டில் முதல் அடம் நான்தான். கத்தரிக்காய், பாகற்காய், பூசணிக்காய், கீரைத்தண்டு எதுவும் எனக்கு இறங்காது. சின்ன வயதில், பாகற்காய்க் குழம்பு வைக்கிற நாளில் அம்மா எனக்கென்று தனியாக உருளைக்கிழங்கு வறுப்பார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை மனைவி தலையில் விழுந்தது. இரண்டு சமையல் யாரால் முடியும்? போகப்போக நான் தின்னாத காய் எதையும் அவள் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

இதன் விளைவு எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது. புதுக் காய் ஒன்று பிள்ளைக்குப் பழக, பத்துப் பதினைந்து தடவையாவது அது கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டியிருக்கும். ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதிய உணவைக் கண்டு மிரள்வது சகஜம். மகள் கத்தரிக்காயை வெறுக்கவில்லை, பார்த்ததே இல்லை. வீட்டுக்குள் வந்த நாலைந்து காய்களையும் அவள் என்ன செய்தாள்? கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சாம்பாரிலிருந்து பீன்ஸைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒட்டவைப்பாள். "ஒழுங்கா சாப்பிடு" என்று அதட்டுவேன். என் தட்டின் ஓரத்திலும் அதே வரிசை இருக்கும். மனைவி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு தட்டையும் ஒன்றாக வழித்துக் கொட்டுவாள்.

அதட்டல் பலிக்காதபோது லஞ்சம். கீரை தின்றால் சாக்லேட், இன்னும் இரண்டு வாய் வாங்கினால் செல்போன். அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் பாலர் வயதுக் குழந்தைகள் சாப்பிடும் விதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சூப்பைக் குடித்து முடி என்று நெருக்கியபோது பிள்ளைகள் குறைவாகவே குடித்தார்கள். சூப்பைக் குறை சொன்னதும் அப்போதுதான் அதிகம். லஞ்சம் இதைவிட மோசம். கீரை தண்டனை, சாக்லேட் அதற்குக் கூலி என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

சோறு இறங்கவில்லையே என்று பெரிய டம்ளரில் பால் கொடுத்ததும் என் யோசனைதான். பால் வயிற்றை அடைத்தால் பசி எங்கிருந்து வரும்? முதல் வருடத்தில் பிறந்த எடையைப்போல மும்மடங்காகும் குழந்தை, இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோதான் கூடும். பசியும் அதற்கேற்பக் குறையும். இது தெரியாமல் ஒவ்வொரு வேளையும் சண்டை.

புதிய உணவை ஒதுக்கும் குணத்தில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று சொல்கிறது. படித்ததும் அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தது. அந்தப் பரம்பரையும் என்னுடையதுதான் என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

எல்லாவற்றையும்விட எனக்கு வெட்கமானது வேறு. வந்தவர் போனவரிடமெல்லாம், அவள் காதுபட, "இவ காயே தொடமாட்டா" என்பேன். கொஞ்சம் பெருமையாகக்கூட. பள்ளியில் பக்கத்துப் பிள்ளையின் டப்பாவிலிருந்து பூசணிக்காய்க் கூட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று அவளுடைய மிஸ் சொன்னார். சந்தோஷப்படவில்லை. "வேற பிள்ளையா இருக்கும் மிஸ்" என்றேன். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

இப்போது வீட்டில் ஒரே சமையல். எது, எப்போது என்பது எங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது அவள் பாடு. கத்தரிக்காயை நானும் மெல்லுகிறேன். பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஊருக்குப் போனால் எனக்கென்று தனியாக உருளைக்கிழங்கு வறுத்து வைக்கிறார். மகளுக்கு முன்னாலேயே உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் வருகிறேன்.