நீளமா, குட்டையா? கேட்டில் நடக்கும் ரிவால்வர் அரட்டை!

சுங்குவார்சத்திரம் அருகே ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார் அந்த முன்னாள் ராணுவ வீரர். ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள் அவரிடம், "கௌபாய் படத்துல வர்ற ரிவால்வர்ல எந்த சைஸ் சார் நல்லது?" என்று கேட்பார்கள்.

அமெரிக்காவில் 1873-ல் வந்தது கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். குழல் நீளம் ஏழரை, ஐந்தரை, நாலேமுக்கால் அங்குலம் என மூன்று அளவுகள் பிரபலம்.

"குழல் நீளமா இருந்தா முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி கூடும் தம்பி. குறி பிசகாது, குண்டு வேகமும் கொஞ்சம் கூடும். குதிரைப் படைக்கு ஏழரைதான் கொடுத்தாங்க. குட்டைன்னா உறையிலேர்ந்து சட்டுனு வரும், இடுப்புல பாரமும் குறைவு" என்பார்.

இவ்வளவு தெரிந்தவர் வீட்டில் துப்பாக்கி இல்லை. ஊரில் வரப்புத் தகராறு முற்றியபோது, லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கச் சொன்னான் மகன். வீட்டில் ஐந்து வயதுப் பேத்தி இருக்கிறாள்.

"பூட்டி வெச்சா அவசரத்துக்கு உதவாது. பூட்டாம வெச்சா அவ கைக்கு எட்டும். இதுல எந்த நீளத்தை வாங்க?" என்று மறுத்துவிட்டார்.

நிலத்தை அளக்கச் சொல்லி தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறார்.