மாமாவின் பட்டறையும் என் பத்து வரி ஃபைலும்

ராத்திரி பதினொன்றரைக்கு அத்தையிடமிருந்து போன். "உங்க மாமா வண்டிய எடுத்துக்கிட்டு கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பிட்டாருடா. சொன்னா கேக்கல." ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதர். அவர் கிளம்பக் காரணம், நான்தான்.

மாமாவுக்கு சிப்காட் பக்கம் சின்ன லேத் பட்டறை. வீடு திருவள்ளூரில். "அலையக் கூடாது" என்று டாக்டர் சொன்னதும், "வீட்ல இருந்தே போன்ல பாத்துக்கலாம் மாமா" என்று வீரம் பேசினேன். நான் படித்தது ஜர்னலிசம் டிப்ளமோ. லினக்ஸ், டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து பழகியது.

பட்டறையில் இருப்பது சிம் போட்ட ரவுட்டர். ஒரே ஐ.பி முகவரிக்குப் பின்னால் பல சிம்கள் இருப்பதால், வெளியிலிருந்து நேராக உள்ளே நுழைய முடியாது. அதனால் தலைகீழாகச் செய்தேன். பட்டறையின் பழைய கம்ப்யூட்டர், எஸ்.எஸ்.ஹெச் மூலம் ஒரு வாடகை சர்வருக்குப் பூட்டுப்போட்ட பாதை போடும். மாமாவின் போன் அந்தப் பாதை வழியே கேமராவைப் பார்க்கும். இதுதான் போர்ட் ஃபார்வேர்டிங். எஸ்.எஸ்.ஹெச் 1995-ல் பின்லாந்தில் பிறந்தது. பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடுபோன பிறகு டாட்டு யிலோனென் எழுதியது.

நான் செய்த தப்பு, அந்த கமாண்டைக் கையால் தட்டிவிட்டு வந்தது. இரண்டு வாரம் ஓடியது. அன்று கரன்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. கமாண்டைத் தட்டத்தான் ஆளில்லை. போனில் படம் வராததும், திருடன்தான் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். போய்ப் பார்த்தால், வாட்ச்மேன் கொசுவத்தி ஏற்றிவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மாமா திரும்பி வரும்வரை அத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் சுட்டது.

அடுத்த ஞாயிறு சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்தேன். லினக்ஸில் சிஸ்டம்டி என்று ஒரு மேஸ்திரி உண்டு. எந்த வேலை எப்போது தொடங்கணும், விழுந்தால் என்ன செய்யணும் என்று ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்தால் போதும், அது பார்த்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்' என்று எழுதி, 'எனேபிள்' செய்தேன்.

ரவுட்டரை அணைத்துப் பார்த்தேன். சிக்கல். சிஸ்டம்டி மளமளவென்று ஐந்து முறை முயன்று, கைவிட்டுவிட்டது. 10 விநாடிக்குள் ஐந்து முறை தோற்றால் நிறுத்திவிடுவது அதன் இயல்பு. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 15 விநாடி இடைவெளி கொடுத்தேன், விடாமல் முயன்றது. இன்னொரு ஆபத்து, நெட் செத்த பிறகும் லைன் இருப்பதாக எஸ்.எஸ்.ஹெச் நம்பிக்கொண்டிருப்பது. 30 விநாடிக்கு ஒருமுறை 'இருக்கியா?' என்று கேட்க வைத்தேன். மூன்று முறை பதில் வராவிட்டால் தானே விலகும். மேஸ்திரி மறுபடி எழுப்புவார். பாதை சரியாகத் திறக்காவிட்டாலும் உடனே விலகச் சொல்லி ஒரு வரி. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான்.

முடித்ததும் வீட்டிலிருந்த மாமாவுக்கு வீடியோ கால் போட்டு, மெயின் ஸ்விட்சை இறக்கி, ஏற்றினேன். நான் கீபோர்டைத் தொடவே இல்லை. சில நிமிடங்களில் அவர் போனில் லேத் மெஷின் தெரிந்தது.

"மாப்ள, இது தூங்காதா?"

"தூங்கும் மாமா. எழுப்ப ஆள் போட்டிருக்கேன்."

போன வாரம் அந்தப் பக்கம் இரண்டு முறை கரன்ட் போனதாம். காலையில்தான் எங்களுக்கே தெரியும். மாமா அன்று நன்றாகத் தூங்கினார் என்று அத்தை சொன்னார்.