ஸ்லேட்டுக்கு வேறு அர்த்தம் இல்லை

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு சுவர் பொது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறு' என்பார்கள். ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை அவருக்கு முன்பே தெரு தீர்மானித்துவிடும். கட்டணம் வாங்காத மனோதத்துவ நிபுணர்கள் திண்ணைக்கு இரண்டு பேர். இப்படிப்பட்ட தெருவில் வளர்ந்ததாலோ என்னவோ, சிக்மண்ட் பிராய்டை வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த ஒரு நாவலாசிரியர் மீது எனக்குத் தனிப் பிரியம்.

விளாதிமிர் நபக்கோவ் 1899-ல் ரஷ்யாவில் பிறந்து, புரட்சிக்குப் பின் நாடிழந்து, ஐரோப்பா, அமெரிக்கா என்று அலைந்தவர். அவருக்கு பிராய்ட் வியன்னாவின் போலி வைத்தியர். தன் பழைய ரஷ்ய நாவல்கள் 1960-களில் ஆங்கிலத்தில் வந்தபோது, பிராய்டின் சீடர்களை முன்னுரையிலேயே வாசலில் நிறுத்தினார். 1955-ல் வெளியான 'லோலிட்டா'வின் நாயகன், மனநல விடுதியில் பொய்க் கனவுகளை ஜோடித்துச் சொல்லி டாக்டர்களை ஏமாற்றி மகிழ்கிறான்.

ஏன் இவ்வளவு கோபம்? நபக்கோவ் பட்டாம்பூச்சி ஆராய்ச்சியாளரும்கூட. 1940-களில் ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர். ஒரே நீலமாகத் தெரியும் இரண்டு பூச்சிகள் எங்கே வேறுபடுகின்றன என்று தேடுவது அந்த வேலை. பிராய்ட் செய்ததோ அவர் பார்வையில் நேர் எதிர். வேறு வேறு மனிதர்களை ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டுவது. 1948-ல் வெளியான அவருடைய சிறுகதை ஒன்றில் ஓர் இளைஞனுக்கு விநோத நோய். மேகம், மரம், கூழாங்கல் எல்லாமே தன்னைப் பற்றி ஜாடை பேசுவதாக நம்புகிறான். எதைப் பார்த்தாலும் அதில் அர்த்தம் தேடுவதுதான் அவன் வியாதி.

இந்த ஆபத்து தமிழ் வாசகனுக்கும் உண்டு. எங்களுக்குப் பக்கத்தில், சாலைக் கடைத்தெருவில் கடை வைத்துக்கொண்டே எழுதியவர் ஆ. மாதவன். அவருடைய 'கிருஷ்ணப் பருந்து', துறவி போல வாழும் குருசாமி ஆசையில் தடுமாறும் கதை. 'அடக்கப்பட்ட காமம்' என்று இரண்டே சொல்லில் அதை முடித்துவிடலாம். முடித்த கணத்தில் குருசாமி காணாமல் போவார். சொல் மட்டும் மிஞ்சும்.

நாவலில் நடந்தால் நஷ்டம் இலக்கியத்துக்கு. வீட்டில் நடந்தால்? என் அத்தை இளம் வயதில் விதவையாகி எங்களோடு வந்தவள். குழந்தை இல்லை. அவளுடைய தகரப் பெட்டியில் பழைய ஸ்லேட் ஒன்று துணி சுற்றி இருந்தது. மனோதத்துவம் படித்த உறவினர் ஒருவர், கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, "இது தாய்மை ஏக்கம்" என்று விளக்கினார். அத்தை பேசாமல் எழுந்து அடுக்களைக்குப் போனாள். பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள்: "அது என்னோட ஸ்லேட்டுடா. அஞ்சாம் கிளாஸோட நிறுத்திட்டா. நேக்குக் கணக்கு நன்னா வரும்."

ஆனாலும் நபக்கோவுடன் கடைசி வரை போக எனக்கு முடியவில்லை. அறுபது வயதில் அத்தைக்குத் தூக்கம் போயிற்று. ஒரு டாக்டர் வாரம் ஒருமுறை வரச்சொல்லி, அவள் பேசுவதைக் கேட்டார். எதற்கும் அர்த்தம் சொல்லவில்லை. சில மாதங்களில் அத்தை தூங்கினாள். நபக்கோவுக்கு, இழந்த நாட்டையும் 1922-ல் பெர்லினில் சுட்டுக் கொல்லப்பட்ட அப்பாவையும் எழுதித் தீர்க்க இரண்டு மொழிகள் இருந்தன. அத்தைக்கு இருந்தது ஒரு ஸ்லேட்.

கேட்பது எப்படி என்பதற்குக் கல்கத்தாவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1922-ல் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், பிராய்டின் அபிமானிதான். ஆனால் தன் நோயாளிகள் சொன்னதைக் கேட்டபின், ஐரோப்பியர்களிடம் நீங்கள் கண்டது இவர்களிடம் அப்படியே இல்லை என்று பிராய்டுக்கே எழுதினார். 1931-ல் பிராய்டின் 75-வது பிறந்த நாளுக்கு அந்தக் கழகம் அனுப்பிய பரிசு, எங்கள் திருவிதாங்கூரிலிருந்து போன தந்த விஷ்ணு. பிராய்ட் அதைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். மறுப்பு ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம்.

அடுத்தவர் பெட்டியைத் திறந்து அர்த்தம் சொல்லாதே என்ற நபக்கோவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மனநல டாக்டரிடம் போவதை ஊருக்குத் தெரியாமல் மறைக்கிற குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. அவர்கள் கையில் அவருடைய கேலியையும் கொடுத்தனுப்ப எனக்கு மனமில்லை.