நாளைக்கு அனுப்பலாம்

2008ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஓர் இரவு. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மகள் ஒரு குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தாள். அப்பா ஷான், அம்மா மரி, பிள்ளைகள் பத்ரிக், ஜாக்லின், ஈவ். ஹைட்டி நாட்டுக் கிராமத்துக் குடும்பம். ‘அயிட்டி: தி காஸ்ட் ஆஃப் லைஃப்’ என்பது அந்தக் கணினி விளையாட்டின் பெயர். நியூயார்க்கின் குளோபல் கிட்ஸ் அமைப்பும் புரூக்ளின் சவுத் ஷோர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கேம்லேப் நிறுவனத்தோடு சேர்ந்து 2006இல் உருவாக்கியது. விளையாடிப் பார்த்து ஒரு பக்கம் எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

நான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பம் பிழைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் யார் வேலைக்குப் போவது, யார் பள்ளிக்கூடம் போவது, யார் வீட்டில் இருப்பது என்று ஆடுகிறவர் சொல்ல வேண்டும். பள்ளிக்குக் கட்டணம் உண்டு. படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைக்காது. கடுமையான வேலை உடம்பைத் தின்னும். உடம்பு விழுந்தால் வைத்தியச் செலவு. நடுவில் புயலும் வரும்.

“ஜாக்லின் இப்ப வேலைக்குப் போகட்டும்மா. அடுத்த சீசன்ல ஸ்கூல்ல சேத்துடலாம்” என்றாள் மகள். அடுத்த பருவத்தில் அம்மா மரிக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்ததில் புயல். ஜாக்லின் பள்ளிக்கூடம் போகவே இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

எங்கள் ஊர் சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் நடுவில், வீராணத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்குள் இருக்கிறது. வயல்கள் எங்களுடையவை அல்ல. அக்கா 1980இல் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். ஆறாவதுக்குத் தொலைவு நடக்க வேண்டும். “நடவு முடியட்டும், நாளைக்கு அனுப்பலாம்” என்றார் அப்பா. நடவு முடிந்து களை வந்தது, களை முடிந்து அறுப்பு வந்தது. அப்பாவுக்கு அக்காவின் படிப்பில் அக்கறை இல்லாமல் இல்லை. அவள் சிலேட்டைக் கடைசிவரை அவர் தூக்கிப் போடவில்லை.

சிதம்பரத்தைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு ‘நாளை’ என்ற சொல் இலேசானதல்ல. ஆதனூர் நந்தனாருக்குப் பெரியபுராணம் வைத்திருக்கும் பெயரே திருநாளைப்போவார். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே அவர் பெயராயிற்று. அவரைத் தடுத்தது வழிச்செலவு இல்லாமை அல்ல, பிறந்த குலம். நந்தனார் என்ற அவர் பெயரைத்தான் 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் தொடங்கிய பள்ளிக்கு வைத்தார். வாசலில் நிறுத்தப்பட்டவரின் பெயரில், அவரைப் போலவே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாசல். பின்னாளில் சகஜானந்தர் சட்டமன்றத்திலும் இருந்தார், 1959இல் மறைந்தார். நந்தனார் பள்ளி விடுதியின் பாயில் படுத்துப் படித்தவள் நான். மகளின் விளையாட்டில் கட்டணம் கட்டினால் பள்ளிக் கதவு திறந்தது. எங்கள் பக்கத்தில் காசு இருந்தாலும் திறக்காத கதவுகள் இருந்தன என்பதை அன்றிரவு அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் எப்படித் தப்பினேன் என்று கேட்டாள். சோற்றால் என்றேன்.

காமராசர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவு தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்டிருந்தது. எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக அதை விரிவாக்கினார். 1984இல் பத்தாம் வகுப்பு வரை நீட்டினார். நான் ஐந்தாவது முடித்தது அதே 1984இல். பள்ளிக்கூடம் போனால் ஒரு வேளை வயிறு நிறையும் என்றதும் அம்மா பேசாமல் என் பையைத் தைத்துக் கொடுத்தாள். அக்காவுக்கும் எனக்கும் நான்கு வயது வித்தியாசம். அந்த நான்கு வருஷம்தான் அவளை வரப்பிலும் என்னை அமெரிக்காவிலும் நிறுத்தியது. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. கணக்கில் இன்றைக்கும் அவள் வாய்க்கு முன்னால் என் கை ஓடாது.

அமெரிக்காவிலும் 1946 முதல் பள்ளி உணவுச் சட்டம் இருக்கிறது. ஆனால் மகள் பள்ளி சேர்ந்தபோது வந்த படிவம் வீட்டு வருமானத்தைக் கேட்டது. வருமானத்தைப் பொறுத்து இலவசம், குறைந்த விலை, முழு விலை. உட்கார்ந்ததும் தட்டில் சோறு விழுந்த பள்ளியிலிருந்து வந்தவள் நான். அந்தப் படிவத்தை நிரப்ப எனக்கு வெகுநேரம் பிடித்தது. இங்கே பெரும்பாலும் ஊரின் வீட்டு வரியிலிருந்தே பள்ளிக்குப் பணம் போகிறது. நல்ல பள்ளி வேண்டும் என்பவர்கள் அந்தப் பள்ளி இருக்கும் ஊரில் வீடு வாங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். வாங்க முடியாதவர்களின் பிள்ளைகள் பக்கத்து ஊரில் படிக்கிறார்கள்.

வீட்டுப்பாடத்தின் கடைசிக் கேள்வி: அந்தக் குடும்பம் எந்த முடிவை மாற்றியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்? எனக்குக் கோபம் வந்தது. விளையாட்டின் மேல் அல்ல. பணமும் உடம்பும் படிப்பும் ஒன்றையொன்று எப்படித் தின்னும் என்பதை ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குக் காட்டிய நல்ல விளையாட்டு அது. கோபம் அந்தக் கேள்வியின் மேல். என் அப்பா எந்த முடிவை மாற்றியிருக்க முடியும்? மாற வேண்டியவை அவர் கைக்கு எட்டாத தொலைவில், சென்னைக் கோட்டையில் இருந்தன. அவை மாறியதும் அவர் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. இதை எழுது என்று மகளிடம் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதினாள்.

2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தபோது அக்கா வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. மூன்றாவது படித்துக்கொண்டிருந்த பேத்தியின் புத்தகமெல்லாம் சேறு. விளையாட்டில் புயலுக்குப் பிறகு ஜாக்லின் என்ன ஆனாள் என்பது என் நினைவுக்கு வந்தது. ஆனால் தண்ணீர் வடிந்ததும் பள்ளியில் புதுப் புத்தகம் கொடுத்தார்கள். பேத்தி ஒரு வகுப்பும் தவறவில்லை. இப்போது அவள் கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறாள். சிதம்பரம் போய், அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு 2022 முதல் தரும் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. “ஆயிரத்துல பஸ்ஸு, நோட்டு, மத்தியானத்துக்கு ஏதாவது” என்று அக்கா போனில் கணக்குச் சொன்னாள். ஒரு ரூபாய் பிசகவில்லை.

அன்றுதான் அந்தப் பழைய விளையாட்டைப் பற்றி அவளிடம் முதன்முறையாகச் சொன்னேன். ஹைட்டி எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. புயல், காய்ச்சல், அடுத்த பருவம் என்று நான் சொன்னதையெல்லாம் ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கடைசியில அந்தப் பொண்ணு பள்ளிக்கொடம் போச்சா புள்ள?”

“போச்சுக்கா. மூணாவது ஆட்டத்துல, மொதப் பருவத்துலயே சேத்துட்டா.”